ஆட்டுக்கடா வராத கதை

ரங்கூன்,
31 ஜனவரி 1926

அன்புள்ள சொக்கம்மாளுக்கு நீலமேகம் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் நம் புஷ்பவல்லியும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். 'அரிசி ஆலைக்குப் போனவரை மூட்டையோடு மூட்டையாய் வைத்துத் தைத்துவிட்டார்களோ' என்று போன கடிதத்தில் கேலி செய்திருந்தாய். இரண்டு மாதம் எழுதாதது என் தப்புதான். நெல் வந்து குவிகிற காலம், மூச்சு விட நேரமில்லை.

இப்போது எழுதப் பெரிய சமாசாரம் இருக்கிறது. தைப் பௌர்ணமிக்கு எங்கள் தமிழ் பௌத்த சங்கத்தில் மூன்று நாள் கதை வைத்தார்கள். புத்தர் முன் பிறவி ஒன்றில் விசுவந்தரன் என்ற இளவரசனாய்ப் பிறந்த கதை. கேட்டதை எல்லாம் கொடுக்கிறவன் அவன். மழை கொண்டுவரும் வெள்ளை யானையைக் கேட்டார்கள், கொடுத்தான். ஊரார் கோபித்து அவனைக் காட்டுக்குத் துரத்தினார்கள். மனைவி மாத்ரியோடும், மகன் ஜாலி, மகள் கிருஷ்ணாஜினையோடும் போய்க் குடிசை போட்டான். அங்கேயும் ஜூஜகன் என்று ஒரு கிழவன் தேடி வந்து, உன் பிள்ளைகளைக் கொடு என்றான். பிள்ளைகள் பயந்து குளத்தில் இறங்கித் தாமரை இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். தகப்பன் கரையில் நின்று கூப்பிட்டான், வந்தார்கள். தண்ணீர் வார்த்துக் கிழவனிடம் கொடுத்துவிட்டான். கேட்டுக்கொண்டிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் தேம்பி அழுதோம், சொக்கம்மா. இதைவிடப் பெரிய தானம் எந்த மதத்துக் கதையிலும் இல்லை என்று கதை சொன்னவர் சொன்னார்.

மூன்றாம் நாள் கதை முடிந்ததும் ஜெயவேலு மேஸ்திரி எழுந்தார். எங்கள் ஆலையில் கூலிக்காரர் அத்தனை பேருக்கும் அவர்தான் மேஸ்திரி, சங்கத்துக்கு மடம் கட்டிக் கொடுத்தவரும் அவரே. "என் வீட்டம்மா படுத்த படுக்கையா கீது. பிள்ளையும் இல்ல. கூடவே இருந்து பாத்துக்க ஒரு பொண்ணை யாராச்சும் தானமா குடுப்பீங்களா?" என்று சபையைக் கேட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழுந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து நாம் வாங்குவதற்கே கை நீட்டியவர்கள். கஞ்சி வாங்க, கூலி வாங்க, திட்டு வாங்க. கொடுக்கிறவனாய் நான் நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான். பர்மாக்காரர் வழக்கப்படி தண்ணீர் வார்த்துப் புஷ்பவல்லியைக் கொடுத்தேன். ஆயிரம் பேர் நல்லது நல்லது என்று வாழ்த்தி, சாது, சாது, சாது என்றார்கள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களும் உண்டு.

மார்ச் முதல் வாரத்தில் மேஸ்திரியின் மைத்துனர் குணசேகரன் சென்னைப் பட்டணம் வருகிறார். குழந்தையை அவரோடு அனுப்பிவை. நானும் இதே ஊரில்தானே இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துக்கொள்வேன். நீ தருமம் தெரிந்தவள். மறுக்கமாட்டாய்.

உன் பிரியமுள்ள
நீலமேகம்


வியாசர்பாடி,
10 பிப்ரவரி 1926

என் வீட்டுக்காரருக்குச் சொக்கம்மாள் எழுதுவது.

முதலில் நலம் எழுத வேண்டும் அல்லவா, எழுதிவிடுகிறேன். நான் சுகம். புஷ்பவல்லி சுகம். மாலைப் பள்ளிக்கூடத்தில் நான்காம் புத்தகம் முடித்துவிட்டாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. "நைனா இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள். "கதை எழுதிக்கீது" என்றேன். பொய் இல்லையே.

எனக்கு ஒன்று சொல்லுங்கள். அந்தக் கிழவன் வந்தபோது மாத்ரி எங்கே இருந்தாள்? உங்கள் கடிதத்தில் இரண்டு தடவை தேடினேன், காணவில்லை. பிறகு நம் வியாசர்பாடி சங்கத்துக்கே போய்க் கேட்டேன். பழம் பறிக்கப் போயிருந்தாளாம். அவள் வந்துவிட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று தேவர்களே சிங்கமாய், புலியாய், சிறுத்தையாய் வந்து வழியில் படுத்துக்கொண்டார்களாம். நன்றாயிருக்கிறது. ஒரு பெண்பிள்ளை நேரத்தோடு வீடு திரும்பாமல் இருக்க மூன்று தேவர்கள் வேண்டியிருக்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. நடுவில் கடலே கிடக்கிறது.

கிழவன் எதற்குப் பிள்ளை கேட்டான் என்பதையும் விட்டுவிட்டீர்கள். அவனுடைய இளம் பெண்டாட்டிக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் வேண்டும். அவன் தருமத்தைத் தேடி வரவில்லை, வேலைக்காரியைத் தேடி வந்தான். உங்கள் மேஸ்திரி கேட்டதும் அதுதான். அழகாய்க் கேட்டார், அவ்வளவே.

இதை ராயபுரம் கிடங்கில் சொன்னேன். உங்கள் ரங்கூன் அரிசி இறங்கியதும் கிழிந்த கோணிகளை எங்கள் முன்னால் கொட்டுவார்கள். ஒரு குவியலுக்கு மூன்று பேர் உட்கார்ந்து கோணி ஊசியால் தைப்போம். கைதான் தைக்கும், வாய் சும்மா இருக்காது. எனக்கு ஒரு பக்கம் வண்ணாரப்பேட்டை பதுருன்னிசா, மறு பக்கம் காசிமேட்டுச் சிலுவையம்மாள். பதுருன்னிசா ஊசியைக் கோணியில் குத்தி நிறுத்திவிட்டு, "எங்கள்லயும் கீதுடி இந்த மாதிரி" என்று ஆரம்பித்தாள்.

இபுராகிம் நபி பெற்ற மகனை அறுப்பதாய்க் கனவு கண்டாராம். மகன் இஸ்மாயிலைக் கூப்பிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாராம். "கேட்டாரா?" என்றேன் நான். "கேட்டாரு. கேக்காம கத்தியத் தொடல" என்றாள். பிள்ளை சரி என்றான். கத்தி அறுக்கவில்லை, ஆட்டுக்கடா வந்தது. "புள்ளையக் குடுன்னு முடியற கதை இல்லடி அது. புள்ள வேணாம், ஆடு போதும்னு ஆண்டவன் சொன்ன கதை. அதுக்குத்தான் நாங்க பக்ரீத் வெச்சிகினு கீறோம்" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். அதே இஸ்மாயில் கைக்குழந்தையாய் இருந்தபோது, அவரையும் தாய் ஹாஜராவையும் பாலைவனத்தில் விட்டுவிட்டுத் தகப்பன் போக வேண்டியதாயிற்று. பிள்ளை தாகத்தில் அழுதது. அந்த அம்மாள் தண்ணீர் தேடி இரண்டு குன்றுக்கு நடுவே ஏழு தடவை ஓடினாள். பிள்ளையின் காலடியில் ஊற்று வந்தது. "ஹஜ்ஜுக்குப் போறவன் ராஜாவா இருந்தாலும் அந்தம்மா ஓடன ஓட்டத்தை ஓடித்தான் ஆவணும்" என்று பதுருன்னிசா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆண்பிள்ளைகள் ஒரு தாயின் காலடியைப் பார்த்து ஓடுகிற ஊரும் உலகத்தில் இருக்கிறது.

புஷ்பவல்லியை அனுப்பமாட்டேன். குணசேகரன் வீணாய்க் கப்பல் ஏற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். மழையில் நனைந்தால் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
சொக்கம்மாள்


ரங்கூன்,
20 பிப்ரவரி 1926

சொக்கம்மாளுக்கு,

உன் கடிதம் சுட்டது. நான்கு வகுப்புப் படித்த பெண்ணைக் கட்டாதே என்று என் அண்ணன் அப்போதே சொன்னான்.

மாத்ரி திரும்பி வந்து பிள்ளைகளைக் காணாமல் மயங்கி விழுந்தது வாஸ்தவம். ஆனால் தானம் கொடுத்துவிட்டேன் என்று புருஷன் சொன்னதும், நல்லது செய்தீர்கள் என்று சொன்னாள். சங்கத்துக்குப் போனவள் அதையும் கேட்டு வந்திருக்கலாம். பிள்ளைகளும் கெட்டுப்போகவில்லை. பாட்டனாகிய ராஜா அவர்களை மீட்டார், எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள்.

நீ கண்டவர்களிடம் கதை கேட்கிறாய். நானும் ஒன்று சொல்கிறேன். நமக்குக் கல்யாணமான வருஷம் திருவொற்றியூரில் சிறுத்தொண்டர் கூத்துப் பார்த்தோமே. அடியாராய் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்டார். தகப்பன் அறுத்தான், தாய் சந்தோஷமாய்ப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் வாசலில் நின்று கூப்பிட்டதும் அறுத்த பிள்ளை சீராளன் ஓடி வந்தான். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். எந்த மதத்தைப் புரட்டினாலும் கொடுத்தவன் பெயர்தான் நிற்கிறது. மறைத்து வைத்தவளின் பெயர் எங்கேயும் இல்லை.

இங்கே சபையில் எனக்கு முதல் வரிசையில் பாய் போடுகிறார்கள். குழந்தை எப்போது வருகிறாள் என்று தினமும் கேட்கிறார்கள். குணசேகரன் புறப்பட்டுவிட்டார். அவரை வெறுங்கையோடு அனுப்பினால் நீ எனக்குப் பெண்டாட்டி இல்லை. யோசித்து நடந்துகொள்.

நீலமேகம்


வியாசர்பாடி,
9 மார்ச் 1926

நீலமேகம் அவர்களுக்கு,

குணசேகரன் வந்தார், போனார். வெறுங்கையோடுதான் போனார். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அவர் வருவதற்கு முன், கிடங்கில் சிலுவையம்மாள் சொன்ன கதையை நீங்கள் கேட்க வேண்டும். அவள் கோயில் சாமியார் பிரசங்கத்தில் கேட்டது. யெப்தா என்று ஒருவன் சண்டைக்குப் போனான். ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எது வெளியே வருகிறதோ அதைப் பலி கொடுக்கிறேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தான். ஜெயித்தான். வாசலிலிருந்து ஒரே மகள் தம்பட்டம் அடித்து ஆடிக்கொண்டு வந்தாள், அப்பா வந்துவிட்டார் என்று. சொன்ன வாக்கு சொன்னதுதான் என்றான். அவள் இரண்டு மாதம் தவணை கேட்டு, தோழிகளோடு மலையில் போய் அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்பால ஆடு வந்துச்சா?" என்று பதுருன்னிசா கேட்டாள்.

"வரல."

"கத்தியாச்சும் நின்னுச்சா?"

"நிக்கல" என்றாள் சிலுவையம்மாள்.

யோசித்துப் பாருங்கள். இஸ்மாயிலுக்குக் கடா வந்தது. சீராளன் உயிரோடு ஓடி வந்தான். ராஜா வீட்டுப் பிள்ளைகளை ராஜாவே மீட்டார். தகப்பன் வாக்கால் கொடுத்த இந்தப் பெண் ஒருத்திக்குத்தான் ஒன்றும் வரவில்லை. கொடுத்தவன் பெயர் நிற்கும் என்று எழுதினீர்களே, நிற்கிறது. யெப்தா என்று நான்கூடச் சொல்கிறேன். அவன் மகளின் பெயர் என்ன என்று சிலுவையம்மாளைக் கேட்டேன். பைபிளிலேயே எழுதவில்லையாம். நம் பெண்ணுக்கு நான் புஷ்பவல்லி என்று பெயர் வைத்தேன். அது எழுதாமல் போக விடமாட்டேன்.

சிறுத்தொண்டர் கூத்தில் நான் அழுதது பக்தியில் இல்லை. அந்தத் தாய் சிரித்துக்கொண்டே காலைப் பிடித்ததைப் பொறுக்காமல் அழுதேன். பிறகுதான் தோன்றியது, அந்த வேஷம் கட்டியவனும் மீசையை மழித்த ஆண்பிள்ளைதானே. மாத்ரி நல்லது செய்தீர்கள் என்றாளாம். அதையும் ஓர் ஆண்பிள்ளைதான் வந்து நம்மிடம் சொன்னான்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பதுருன்னிசாவும் சிலுவையம்மாளும் வந்து என் வாசற்படியை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். குணசேகரன் நல்ல மனுஷர். குழந்தைக்குச் சீட்டிப் பாவாடை ஒன்று வாங்கி வந்திருந்தார். சிலுவையம்மாள் அவரைப் பார்த்து, "நாங்க எழுந்தாத்தான் நீ உள்ள பூர முடியும் நைனா. எங்களுக்கு மூட்டு வலி, எழுந்துக்கறது கஷ்டம்" என்றாள். அவரும் சிரித்துவிட்டு வெளியிலேயே நின்றார். நான் அவரைக் கேட்டேன்.

"உங்க அக்கா கேட்டாங்களா, இந்தப் பொண்ணு வேணும்னு?"

அவர் தரையைப் பார்த்தார். "அக்காவுக்கு இன்னும் சொல்லலம்மா. மாமாதான் ஏற்பாடு பண்ணாரு."

ஆக, பெற்றவளைக் கேட்கவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை, யாருக்காகக் கொடுத்தீர்களோ அந்த அம்மாளையும் கேட்கவில்லை. இபுராகிம் நபி கனவில் கண்டதைக்கூட மகனிடம் கேட்டார். நீங்கள் ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருக்கலாம்.

"தண்ணி வார்த்துக் குடுத்தது திரும்பாதும்மா" என்று அவர் மெதுவாய்ச் சொன்னார். அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, நம் கல்யாணத்தில் தாரை வார்த்தபோது செம்பு யார் கையில் இருந்தது? என் அப்பா கையைத்தான் நீட்டினார். தண்ணீர் ஊற்றியது என் அம்மா. ஊர் உலகத்தில் பெண்ணைத் தாரை வார்க்கும்போது செம்பு பிடிக்கிறவள் தாய். அவள் ஊற்றினால்தான் அது தானம், இல்லையென்றால் கை கழுவின தண்ணீர். நீங்கள் ரங்கூனில் கை கழுவியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பர்மாக்காரர் வழக்கம் எனக்குத் தெரியாது. என் வழக்கம் எனக்குத் தெரியும்.

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். புஷ்பவல்லியை வாசலுக்குக் கூப்பிட்டு இரண்டு கையையும் ஏந்தச் சொன்னேன். தெருவே கூடிவிட்டது. "இவளைப் பெத்தவ நான். புஷ்பவல்லியப் புஷ்பவல்லிக்கே குடுத்துட்டேன். அல்லாரும் சாட்சி" என்று உரக்கச் சொல்லி அவள் கையில் ஊற்றினேன். பதுருன்னிசா பிஸ்மில்லா சொன்னாள். சிலுவையம்மாள் சிலுவை போட்டாள். நம் தெருக்காரர்கள் சாது சொன்னார்கள், ஆயிரம் பேர் இல்லை, முப்பது பேர் இருக்கும். குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இத்த நான் குடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தாள். குணசேகரன் பாவாடையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

நான் உங்களுக்குப் பெண்டாட்டி இல்லை என்று எழுதினீர்கள். இருக்கட்டும். அவளுக்கு அம்மா இல்லை என்று எவனாலும் எழுத முடியாது.

சொக்கம்மாள்


ரங்கூன்,
28 மார்ச் 1926

சொக்கம்மாளுக்கு,

குணசேகரன் எல்லாம் சொன்னார். அவர் உன்னைக் குறை சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிய அவமானமாய் இருந்தது.

இப்போது முதல் வரிசையில் பாய் இல்லை. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கொடுத்தேன் என்று ஆயிரம் பேர் நடுவில் சொன்னவன் நான். வாங்கிப் பழகிய சாதிக்குக் கொடுக்கத் தெரியாது என்று ஒருவன் என் காதுபடச் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறேன்.

குழந்தையை அனுப்ப வேண்டாம். அது முடிந்துபோயிற்று. ஆனால் நான் என்ன முகத்தோடு ஊர் வருவது? நீ ஒரே ஒரு வரி எழுது, 'தங்கள் வாக்கைக் கெடுத்தது என் தவறு' என்று. அதைச் சபையில் காட்டிவிட்டு அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன். பெண்பிள்ளை புத்தி என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். இரண்டு வருஷமாயிற்று உங்களைப் பார்த்து. புஷ்பவல்லி என்ன உயரம் இருக்கிறாள்?

நீலமேகம்


வியாசர்பாடி,
8 ஏப்ரல் 1926

புஷ்பவல்லியின் நைனாவுக்கு,

என் தோள்பட்டை உயரம் இருக்கிறாள். உங்களை நினைத்துக்கொண்டு அழுகிறாள், நானும் அழுகிறேன். இதை மறைக்க எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

ஆனால் அந்த ஒரு வரியை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் வருவீர்கள். நீங்கள் வந்த பிறகு அந்த வரி என்னோடு ஒரே வீட்டில் இருக்கும். நாளைக்குப் புஷ்பவல்லி அதைப் படிப்பாள். நான் அவளுக்காகத் தெருவில் நின்று சொன்னதை, நானே தவறு என்று கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்ப்பாள்.

உங்களைச் சாதி சொன்னவன் நாக்கு அழுகட்டும். வாங்குவதற்கே கை நீட்டியவர்கள் நாம் என்று முதல் கடிதத்தில் எழுதினீர்களே, அதைப் படித்து எனக்கு நெஞ்சு வலித்தது. கொடுக்க ஆசைப்பட்டது தப்பே இல்லை. உங்களுடையதைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது. போய் அந்தப் படுக்கையில் கிடக்கிற அம்மாளுக்கு நீங்களே தண்ணீர் மொண்டு கொடுங்கள், கஞ்சி வைத்துக் கொடுங்கள். அதற்கு யாரும் சபை கூட்டமாட்டார்கள். ஆனாலும் அது தானம்தான்.

கிடங்கில் மூன்று பேரும் இந்த ஒரு மாதமாய் ஒன்றைத் தேடுகிறோம். நான் என் பக்கத்துக் கதைகளில் தேடினேன், பதுருன்னிசா அவள் பக்கத்தில், சிலுவையம்மாள் அவள் பக்கத்தில். எல்லாக் கதையிலும் தகப்பன் கொடுக்கிறான். தெய்வம் மனசு வைத்தால் பிள்ளை திரும்பி வருகிறது, வைக்காவிட்டால் இல்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன், என் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று சபை நடுவில் எழுந்து கேட்ட தகப்பன் ஒருவன்கூட எங்கள் கண்ணில் படவில்லை. ரிஷிக்கும் ராஜாவுக்கும் அந்தத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. நீங்கள் மூட்டை தூக்குகிறவர். உங்களுக்கு வந்தால் வாருங்கள். வராவிட்டால் அங்கேயே சுகமாயிருங்கள்.

சொக்கம்மாள்


ரங்கூன்,
30 மே 1926

சொக்கம்மா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் திரிந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வீட்டுக்குப் போய் அந்த அம்மாளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியவில்லை என்று அந்த அம்மாளே திட்டினார்.

வைகாசிப் பௌர்ணமிக்குச் சபை கூடியது. புத்தர் பிறந்த நாள், போன தடவையைவிடக் கூட்டம் அதிகம். நான் எழுந்தேன். "தை மாசம் என் பொண்ணைக் குடுத்தேன்னு சொன்னது நான்தான். அவ எனக்குச் சொந்தமான சாமான் இல்லீங்க. அவளையும் கேக்கல, அவ அம்மாவையும் கேக்கல. குடுத்தது தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன். கூச்சல் கிளம்பியது. மேஸ்திரி வெளியே போகச் சொன்னார். இன்னொரு தடவை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் போனேன், பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது என்று. ஆலை வேலையும் அன்றோடு போயிற்று.

புதன்கிழமைக் கப்பலில் ஏறுகிறேன். நீங்கள் துறைமுகத்துக்கு வர வேண்டாம், வெயில்.

கிடங்கில் இதைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். தைரியமாய் நின்றார் என்று மட்டும் சொல்லாதே. எனக்குக் கால் நடுங்கியது, சொக்கம்மா. அதையும் சேர்த்துச் சொல்.

நீலமேகம்